வெள்ளை அணு வராத மூளைக்காய்ச்சல்: சென்னையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே மனிதரின் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை அறிக்கைகள் இரண்டு என் முன்னால் இருக்கின்றன. முதல் அறிக்கையில் ஒரு கன மில்லிமீட்டருக்கு வெள்ளை அணுக்கள் 2. பூஞ்சையோ கண்ணாடித் தகடு முழுக்க. மூன்று மாதம் கழித்து எடுத்த இரண்டாவதில் வெள்ளை அணுக்கள் 140. வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை முளைக்கவே இல்லை. கிருமி நிறைந்திருந்த முதல் தடவை அவர் தானாக நடந்து வந்து கட்டிலில் படுத்தார். கிருமி செத்துப்போயிருந்த இரண்டாம் தடவை, பேச்சு குழறிய நிலையில் அவரைத் தூக்கி வந்தார்கள்.

மூளையைத் தொற்றிலிருந்து காக்கும் செல்கள் இல்லாமல் போனால் என்ன ஆகும், அவை திடீரென்று திரும்பி வந்தால் என்ன ஆகும் என்பதை ஒரே உடம்பில் அடுத்தடுத்துப் பார்க்கும்படி ஆனது. அதனால்தான் எழுதுகிறேன். அவருடைய சம்மதம் பெற்று, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

வட சென்னைக்காரர். வயது 36. சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். விடியற்காலையில் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி, மூலக்கடை, மாதவரம் பக்கத்துக் கடைகளுக்கு இறக்குவது வேலை. வீட்டில் மனைவி, பள்ளிக்குப் போகும் மகள், அம்மா. மூன்று வாரமாகத் தலைவலி. முதலில் தெருமுனை மெடிக்கலில் மாத்திரை, அப்புறம் ஒரு கிளினிக்கில் சைனஸ் என்று ஆன்டிபயாடிக், அப்புறம் பவர் மாற்றிப் புதுக் கண்ணாடி. வெயிலில் வண்டி ஓட்டுகிறவருக்குத் தலைவலி என்றால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதிரே வரும் பேருந்து இரண்டாகத் தெரிய ஆரம்பித்த பிறகுதான் வண்டியை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார்.

காய்ச்சல் இல்லை. கழுத்து இறுக்கம் இல்லை. கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். ஆனால் இடது கண் வெளிப்பக்கம் திரும்பவில்லை. கண்ணுக்குள் பார்த்தால் பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தது. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்று பொருள். நாக்கிலும் அண்ணத்திலும் வெண்படலம். ஆறு மாதத்தில் 9 கிலோ எடை குறைந்திருந்தார், ராத்திரித் தூக்கமில்லாததால் என்று நினைத்திருக்கிறார். வாயைப் பார்த்ததும் அவரிடம் விளக்கி, ஒப்புதல் வாங்கி எச்.ஐ.வி. பரிசோதனை செய்தோம். பாசிட்டிவ். நோயெதிர்ப்பை வழிநடத்தும் ஒரு வகை வெள்ளை அணுவான சிடி4 எண்ணிக்கை 24. நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்கு அது 500-க்கு மேல் இருக்கும்.

ஸ்கேனில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு முதுகுத்தண்டு நீர் எடுக்க ஏற்பாடு செய்தோம். அம்மா வழிமறித்தார். "முதுகுல ஊசி போட்டா காலு விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா." இந்தப் பயம் சென்னையில் எல்லா வார்டிலும் இருக்கிறது. இதனால் ஒரு நாள், இரண்டு நாள் என்று தள்ளிப்போய் உயிரே போனவர்களும் உண்டு. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது, ஊசி போவது அதற்குக் கீழே, அங்கே நீரும் மிதக்கும் நரம்பு இழைகளும்தான் இருக்கின்றன என்று அவர் முதுகிலேயே விரல் வைத்துக் காட்டிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்.

தண்டுவட நீரின் அழுத்தம் 38 சென்டிமீட்டர். 25-ஐத் தாண்டினாலே அதிகம். நீர் பளிங்குபோல் தெளிவு. புரதம் சற்றுக் கூட, சர்க்கரை சற்றுக் குறைவு, வெள்ளை அணுக்கள் 2. ஐந்து வரை இருப்பது இயல்பு என்பதால் அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவர் மூளைக்காய்ச்சல் இல்லை என்று முடிவுகட்டிவிடக்கூடும். நுண்ணோக்கியில் கறுப்பு மை கலந்து பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கறுப்புப் பின்னணியில் உருண்டை உருண்டையாகப் பூஞ்சை, ஒவ்வொன்றையும் சுற்றி ஒளிவட்டம்போல் தடித்த உறை. தண்ணீரில் ஊறிய சப்ஜா விதை அப்படியே இருக்கும். கிரிப்டோகாக்கஸ். பூஞ்சையின் உறைப் பொருளைக் கண்டறியும் ஆன்டிஜென் பட்டையும் 10 நிமிடத்தில் இரண்டு கோடு காட்டியது.

கழுத்து ஏன் இறுகவில்லை?

பயிற்சி மருத்துவர்கள் கேட்ட முதல் கேள்வி இதுதான். மூளையுறை முழுக்கக் கிருமி இருக்கிறது, காய்ச்சலும் இல்லை, கழுத்தும் இறுகவில்லை, எப்படி?

காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் கிருமி நேரடியாகச் செய்கிற வேலை இல்லை. கிருமியைக் கண்டு நம் செல்கள் சுரக்கிற பொருட்கள்தான் அவற்றைக் கொண்டுவருகின்றன. செல்கள் வராத இடத்தில் அறிகுறியும் வராது. எச்.ஐ.வி. முற்றிய ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வெறும் தலைவலியாக மட்டுமே தெரியலாம் என்பதற்குக் காரணம் இது.

மூளைக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் காவல் செல் மைக்ரோக்ளியா. ஸ்பெயின் நாட்டு பியோ டெல் ரியோ ஓர்தேகா 1919-இல் அதைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். அது ரத்த அணுக்களைப்போல் எலும்பு மஜ்ஜையில் பிறப்பதில்லை. கரு உருவான தொடக்கத்திலேயே மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குப் போய், அங்கேயே பெருகி, அங்கேயே இருந்துவிடுகிறது. எலிகளில் இது 2010-இல் நிறுவப்பட்டது. மூளையுறையிலும் ரத்தக்குழாய்களைச் சுற்றியும் கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் தனியாக உண்டு. அதற்கு மேல், உடம்பின் மற்ற இடங்களில் பழக்கப்பட்ட டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் தண்டுவட நீரில் சிறிய எண்ணிக்கையில் ரோந்து வருகின்றன.

மூளை நோயெதிர்ப்பு எட்டாத இடம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பீட்டர் மெடவார் 1948-இல் முயல்களின் மூளையில் அன்னியத் தோலை ஒட்டிப் பார்த்த சோதனைதான் அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்டது. அந்தச் சோதனையின் மறுபாதியை மறந்துவிடுகிறார்கள்: அந்தத் தோல் உடம்பின் வேறிடத்தில் முன்பே அறிமுகமாகியிருந்தால், மூளைக்குள் வைத்தாலும் நிராகரிக்கப்பட்டது. வெளியே பாடம் படித்த செல்லுக்கு மூளைக்குள் வழி தெரியும். பிறகு 2015-இல் மூளையுறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பது எலிகளில் காட்டப்பட்டது. 2018-இல் மண்டையோட்டு மஜ்ஜையிலிருந்து மூளையுறைக்கு நேரடியான நுண்வழிகள் இருப்பதும் தெரிந்தது. ஒரு மருந்தின் கதையும் இங்கே சேரும். நோயெதிர்ப்பே நரம்பு உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக டி செல்களை மூளைக்குள் விடாமல் தடுக்கும் நாடாலிசுமாப் 2004-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில மாதங்களிலேயே, 2005 பிப்ரவரியில், தற்காலிகமாகத் திரும்பப் பெற்றார்கள். நம்மில் பலருடைய உடம்பில் சும்மா கிடக்கும் ஜேசி வைரஸ் சில நோயாளிகளின் மூளையை அழித்திருந்தது. ரோந்து நின்றதுதான் காரணம்.

எங்கள் நோயாளிக்கு ரோந்து நின்றது எச்.ஐ.வி.யால். கிரிப்டோகாக்கஸ் புறா எச்சம் கலந்த மண்ணிலும் தூசியிலும் இருக்கும்; அடுக்குமாடியின் காற்றுப் பொந்தெல்லாம் புறா அடைகிற இந்த ஊரில் அதைச் சுவாசிக்காதவர்கள் குறைவு. இவருக்கு எங்கே தொற்றியது என்று தேடுவதில் பயனும் இல்லை. சாதாரணமாக நுரையீரலிலேயே மேக்ரோஃபேஜ்கள் அதைச் சுற்றி வளைத்து முடக்கிவிடும். ஆனால் முடக்கினால் போதாது, கொல்ல வேண்டும். கொல்வதற்கு சிடி4 வகை டி செல் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் பொருளைச் சுரந்து தூண்ட வேண்டும். அந்தத் தூண்டுதல் இல்லாவிட்டால் மேக்ரோஃபேஜ் பூஞ்சையை விழுங்கிவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கும். பூஞ்சை அதற்குள்ளேயே பெருகும். சில சமயம் அந்தச் செல்லுக்குள் இருந்தபடியே ரத்தத்தில் பயணம் செய்து மூளைக்கும் போய்ச் சேரும். அங்கே மைக்ரோக்ளியாவும் அதே நிலையில்தான். கிருமி பக்கத்திலேயே இருக்கிறது, உத்தரவு வரவில்லை. கேப் டவுனில் 90 நோயாளிகளிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், பூஞ்சை மருந்தோடு இன்டர்ஃபெரான் காமாவையும் ஊசியாகக் கொடுத்தபோது தண்டுவட நீரிலிருந்து பூஞ்சை வேகமாக நீங்கியது. வழக்கமான சிகிச்சையாக அது ஆகவில்லை என்றாலும், குறை எங்கே என்பதை அது சரியாகச் சுட்டிக்காட்டியது.

முதல் கட்டச் சிகிச்சை

பூஞ்சையைக் கொல்ல லைபோசோமல் ஆம்ஃபோடெரிசின் பி, கூடவே தினம் 1200 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல், இரண்டு வாரம். பொட்டாசியமும் சிறுநீரகமும் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தோம்.

இந்த நோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அழுத்தம்தான். தண்டுவட நீர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 மில்லி சுரக்கிறது; பூஞ்சையும் அதன் உறைப் பொருளும் வடிகாலை அடைத்துவிட்டால் அந்த நீருக்குப் போக்கிடம் இல்லை. முதல் வாரம் தினமும் ஊசி போட்டு நீரை வடித்தோம். மருந்தைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கும் மருத்துவர்கள்கூட இந்த வடிப்பைத் தள்ளிப்போடுவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். ஓர் ஊசி, ஓர் அளவுக்குழாய், அரை மணி நேரம். இதைவிடக் குறைந்த செலவில் உயிர் காக்கிற வேலை வார்டில் அதிகம் இல்லை.

வீக்கம் குறைய ஸ்டீராய்டு கொடுக்கலாமே என்று கேட்டார்கள். இந்தக் கட்டத்தில் கூடாது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக ஆறு நாடுகளில் 451 நோயாளிகளிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் பூஞ்சை மெதுவாகவே குறைந்தது, ஊனம் அதிகமானது. ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. ஏற்கனவே கைகட்டி நிற்கும் செல்களின் கையை இன்னும் இறுக்குவது அது.

பதினான்காம் நாள் வளர்ப்புச் சோதனையில் பூஞ்சை வளரவில்லை. ஃப்ளூகோனசோலை 800-க்குக் குறைத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

எச்.ஐ.வி. கூட்டு மருந்தை உடனே தொடங்கவில்லை, ஐந்து வாரம் பொறுத்தோம். பெரும்பாலான எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இங்கே தலைகீழ். உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 177 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஓரிரு வாரத்திலேயே தொடங்கியவர்களில் 45 சதவீதம் பேரும், ஐந்து வாரம் கழித்துத் தொடங்கியவர்களில் 30 சதவீதம் பேரும் ஆறு மாதத்துக்குள் இறந்தார்கள். தண்டுவட நீரில் வெள்ளை அணு ஐந்துக்கும் குறைவாக இருந்தவர்களுக்குத்தான் அவசரம் அதிகக் கெடுதல் செய்தது. எங்கள் நோயாளிக்கு இருந்தது 2.

அந்த வாரங்களில் ஆலோசகர் துணையோடு அவரே மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். மனைவிக்கும் மகளுக்கும் பரிசோதனையில் நெகட்டிவ். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். சட்டப்படியும் அது அவருடைய உரிமை.

இரண்டாம் வருகை

கூட்டு மருந்து தொடங்கி ஏழாவது வாரம். அதுவரை எடை கூடி, சாப்பாடு நன்றாக இறங்கி, மறுபடி வண்டி எடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தவர். இரண்டு நாள் கடும் தலைவலி, 102 டிகிரி காய்ச்சல், மூன்றாம் நாள் பேச்சு குழறல். வந்தபோது கழுத்து மரக்கட்டையாக இருந்தது. போன தடவை இல்லாத அத்தனை அறிகுறியும் இந்தத் தடவை இருந்தன.

சந்தேகம் மூன்று. பூஞ்சை மருந்துக்கு அடங்காமல் திரும்பியிருக்கலாம். காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இந்த ஊரில் அதை ஒதுக்காமல் அடுத்த அடி வைக்கவே முடியாது. அல்லது, மீண்டெழுந்த நோயெதிர்ப்பே அழற்சியாக மாறியிருக்கலாம். இது மூன்றாவதுதான் என்று எனக்குத் தோன்றினாலும், தோன்றுவதை நம்பி ஸ்டீராய்டு கொடுத்துவிட முடியாது. முதல் இரண்டில் எதுவாக இருந்தாலும் அது ஆபத்து.

அழுத்தம் 34. வெள்ளை அணுக்கள் 140, பெரும்பாலும் டி செல்கள் அடங்கிய லிம்ஃபோசைட் வகை. புரதம் மும்மடங்கு. கறுப்பு மையில் மங்கலாகச் சில உருண்டைகள், உயிரோடு பெருகுவதைக் காட்டும்படி மொட்டு விடுகிற ஒன்றுகூட இல்லை. ஆன்டிஜென் பாசிட்டிவ்தான், ஆனால் அது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அதை வைத்து ஒன்றும் முடிவுசெய்யக் கூடாது. காசநோய்க்கான மரபணுச் சோதனை நெகட்டிவ், மார்பு ஸ்கேனும் சுத்தம். எம்.ஆர்.ஐ.யில் மூளையுறை நெடுக ஒளிர்வு. சிடி4 110; ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறார். அதுதான் இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

நடந்தது என்னவென்றால், பூஞ்சை செத்தாலும் அதன் உறையின் சர்க்கரைப் பொருளும் செத்த உடல்களும் மூளையுறையில் அப்படியே கிடந்தன. அவற்றை அப்புறப்படுத்த முதல் கட்டத்தில் ஆள் இல்லை. மேக்ரோஃபேஜ்களும் மைக்ரோக்ளியாவும் மாதக்கணக்கில் கிருமிப் பொருளை விழுங்கிவிட்டு உத்தரவுக்காக நின்றன. கூட்டு மருந்தால் எண்ணிக்கை ஏறிய டி செல்கள் மூளைக்குள் வந்ததும் இன்டர்ஃபெரான் காமா ஒரே சமயத்தில் கொட்டியது. நிதானப்படுத்தும் வகை டி செல்கள் அந்த அளவுக்கு இன்னும் திரும்பவில்லை. குறுகிய மண்டையோட்டுக்குள், வீங்க இடமில்லாத இடத்தில், இந்த எழுச்சி நடந்தது. முதல் நீரில் செல் குறைவாக இருந்தவர்களுக்கே இந்த அழற்சி அதிகம் வருகிறது என்று 2010-லேயே டேவிட் பௌல்வேர் குழுவினர் உகாண்டா நோயாளிகளிடம் காட்டியிருக்கிறார்கள்.

சரி, என்ன செய்தோம்? அன்றே நீரை வடித்தோம், மறுநாளும் வடித்தோம். ஃப்ளூகோனசோலை மறுபடி 1200-க்கு ஏற்றினோம். கூட்டு மருந்தை நிறுத்தவில்லை. ஐந்தாம் நாள் வரை வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளராததையும், வடித்த பிறகும் பேச்சு தெளியாததையும் பார்த்து டெக்ஸாமெத்தசோன் தொடங்கினோம். அந்த ஐந்து நாள் எங்கள் குழுவுக்குள்ளேயே வாக்குவாதம்: உடனே கொடுக்க வேண்டும் என்றவர்களும் உண்டு, இரண்டு வாரம் முழுதும் காத்திருக்க வேண்டும் என்றவர்களும் உண்டு. முதல் தடவை தடுத்த அதே மருந்தை இப்போது நானே எழுதினேன். பூஞ்சை உயிரோடு இருந்தபோது செல்கள் தேவைப்பட்டன. பூஞ்சை செத்த பிறகு அவற்றை நிதானப்படுத்துவது தேவைப்பட்டது. மூன்றாம் நாள் பேச்சு தெளிந்தது. ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

அம்மா கேட்டது

இரண்டாம் வருகையில் என்னை அதிகம் பயமுறுத்தியது வராந்தாவில் அம்மா கேட்ட கேள்வி. "மாத்திரை ஆரம்பிச்சப்புறம்தானே இப்படி ஆச்சு? அத நிறுத்திட்டா என்னம்மா?" நியாயமான கேள்வி. அவர் கண்ணால் பார்த்தது அதுதான். ஏற்கனவே வீட்டில் இரண்டு நாள் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கிறார். எச்.ஐ.வி. என்ற சொல்லே வராமல் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். "உங்க பையன் உடம்புல சக்தி இல்லாதப்போ கிருமிய எதிர்க்க ஆளில்ல. இப்ப சக்தி வந்திருக்கு, அது ஒரேயடியா வேகமா வந்ததாலதான் வீக்கம். வேகத்தக் குறைக்க மருந்து கொடுக்கிறோம். சக்தி கொடுக்கிற மாத்திரைய நிறுத்தினா பழையபடி ஆயிடும்" என்றேன். மருமகள் பக்கத்தில் நின்று தலையசைத்தார். அன்றிலிருந்து மாத்திரை வேளை தவறாமல் பார்த்துக்கொண்டவர் அம்மாதான்.

இதை மருந்து தொடங்கும் நாளிலேயே, நோயாளிக்கும் வீட்டாருக்கும், வாயால் சொல்லியாக வேண்டும்: நன்றாகிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மோசமாகலாம், அப்படியானால் மாத்திரையை நிறுத்தாமல் எங்களிடம் ஓடி வாருங்கள் என்று. இப்போது எங்கள் வார்டில் முதல் தண்டுவட நீரில் செல் ஐந்துக்குக் குறைவாக இருந்தவர்களின் அட்டையில் சிவப்பு மையில் குறித்து வைக்கிறோம். அவர்களைக் கூட்டு மருந்து தொடங்கிய இரண்டாம், நான்காம், எட்டாம் வாரங்களில் தவறாமல் கூப்பிட்டுப் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இதே சென்னையில், மதராஸ் மருத்துவக் கல்லூரியில், 1986-இல், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியபோது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. மருந்து இருக்கிறது, மையம் இருக்கிறது. அப்படியும் சிடி4 24 ஆகும் வரை, மெடிக்கலுக்கும் கண்ணாடிக் கடைக்கும் அலைந்த பிறகுதான் ஒரு மனிதர் வந்து சேர்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் தலைவலிக்கு எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றிப் பேச நாம் கூசக் கூடாது. புதிதாகத் தொற்று தெரிந்து சிடி4 200-க்குக் கீழே இருந்தால், தலைவலியே இல்லாவிட்டாலும் ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்த்துவிட வேண்டும். மூளைக்குப் போவதற்கு வாரக்கணக்கில் முன்பே அது ரத்தத்தில் தெரிந்துவிடும். அப்போது பெரும்பாலும் ஃப்ளூகோனசோல் மாத்திரையிலேயே தடுத்துவிடலாம்.

தற்போதைய நிலை

ஓராண்டு ஆகிறது. சிடி4 186. வைரஸ் கண்டறிய முடியாத அளவில். இடது கண் ஏறக்குறைய முழுதாகத் திரும்புகிறது. ஓரமாகப் பார்க்கும்போது மட்டும் லேசான இரட்டைப் பார்வை இருப்பதால் ராத்திரி வண்டி வேண்டாம் என்றிருக்கிறோம். பகல் நடையாக மாதவரம் பக்கமே ஓட்டுகிறார். மனைவிக்கு மறுபரிசோதனையிலும் நெகட்டிவ். ஃப்ளூகோனசோல் 200 மில்லிகிராம் தொடர்கிறது. சிடி4 200-ஐத் தாண்டி, அடுத்த பரிசோதனையிலும் அது நிலைத்தால் நிறுத்துவோம்.